இடம்

ஆண்ட்வெர்ப்பில் ஆறு உறைந்து எட்டாம் நாள்.
மைக்காக ஆளிவிதை எண்ணெய் காய்ச்சினோம்.
கொதியில் போட்டெடுத்த ரொட்டித் துண்டுக்கு
எடுபிடிப் பையன்கள் அடித்துக்கொண்டார்கள்.
நான் கிலிஸ், அச்சுருளை சுற்றுகிறவன்.
சக்கரத்தின் நான்கு கைகளைத் தவிர
வேறு கைகளைப் பற்றி நான் யோசித்ததில்லை.

கொம்மார் தகட்டைக் கொண்டுவந்தான்.
செம்பில் மூன்று மாத வேலை.
மேல் அறையில் மோவாப் ராஜா எக்லோன்,
பிசைந்து மூடிவைத்த மாவுபோல் வயிறு.
அதற்குள் பிடிவரை போன கத்தி.
குத்துகிறவன் ஏகூத்,
காதோடு இரகசியம் சொல்பவன் போலக் குனிந்து.
ஜன்னலில் ஒரு ஈ.
அந்த ஈக்கு மட்டும் இரண்டு நாள் என்றான்.

மை பூசி, உள்ளங்கையால் துடைத்து,
நனைந்த தாளைப் போர்த்திச் சுற்றினேன்.
உரித்தபோது கறுப்பு மினுமினுத்தது.
"அருமை" என்றார் பதிப்பாளர் வான் ரீட்.
"அருமை" என்றேன் நானும்.
கூலி கொடுப்பவர் அவர்.

வண்ணம் தீட்டும் மாக்தெல்ட்
தூரிகையைக் கிண்ணத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.
"இவன் வலக்கையால் குத்துகிறான்."

கொம்மாரின் முகத்தில்
மூன்று மாதமும் ஒரே சமயத்தில் இறங்கியது.
மாதிரிச் சித்திரத்தில் இடக்கை.
தகட்டிலும் இடக்கை.
தாளில் ஏறும்போது எல்லாம் புரளும் என்பது
கீழே வசனத்தை வெட்டுகையில் நினைவிருந்திருக்கிறது,
கையை வெட்டுகையில் இல்லை.

"கை கைதானே" என்றார் வான் ரீட். "யார் பார்க்கப்போகிறார்கள்?"

"காவலர்கள் பார்ப்பார்கள்" என்றாள்.
"வலக்கைக்காரன் இடத் தொடையில்தான் கத்தி கட்டுவான்.
தடவிப் பார்ப்பதும் அங்கேதான்.
அந்தக் கையை யாரும் ஒரு கையாக மதிக்காததால்தான்
ஏகூத்தால் உள்ளே போக முடிந்தது.
உங்கள் ஏகூத் வாசலிலேயே பிடிபட்டிருப்பான்.
ராஜா இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்."

பையன்கள் சிரித்தார்கள்.
வான் ரீட் தாள்களை எண்ணத் தொடங்கினார்.
முந்நூறு படி, வெள்ளிக்கிழமைக்குள்.

பீச்சாங்கைக்காரி என்று
அவள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள்.
நானும் சொல்லியிருக்கிறேன்.
சிறுமியாய் இருந்தபோது
அந்தக் கையைப் பெஞ்சின் காலோடு கட்டிவைத்தார்களாம்.
எழுத்துப் பலகையில் அதற்கு இடமில்லை,
ரொட்டிக் கூடையில் இடமில்லை,
சிலுவைக் குறி போட நெற்றியில் இடமில்லை.
தூரிகையை இப்போதும் வலக்கையில்தான் பிடிக்கிறாள்.
கறுத்த ராஜாவுக்கு மஞ்சள் பூசும்போது
மற்றது மடியில் கிடக்கும்,
தூங்கும் பூனையைப் போல, ஒரு காது மட்டும் விழித்து.

விளக்கேற்றும் நேரம்.
கடைசிப் படியை நான் உரித்துப் போட்டதும்
"காயும் முன் இன்னொரு சுற்று" என்றாள்.
ஈரப் படத்தின் மேல் வெறுந்தாளை வைத்தாள்.
எதற்கென்று கேட்கவில்லை. சுற்றினேன்.
கண்ணாடியில் பட்ட மூச்சைப் போல
வெளிறி வந்தது இன்னொரு எக்லோன்.
அவன் வயிற்றில் இடக்கை.
உறை வலத் தொடையில்.
ஈகூட ஜன்னலின் மறுபக்கம் போயிருந்தது.

"வசனம் புரண்டுவிட்டதே" என்றேன்.
படிக்கத் தெரியாத எனக்கே தெரிந்தது.

அவள் வலக்கோடியில் இடக்கையின் விரலை வைத்து
தடுமாறாமல் கடைசிவரை வாசித்தாள்.
"கட்டு அவிழ்த்த இரவுகளில்
நான் இப்படித்தான் எழுதினேன்,
அடுப்புச் சாம்பலில்.
என் தப்பை அச்சடித்து இன்றுதான் பார்க்கிறேன்."

தாளை நான்காய் மடித்தாள்.

தாளுக்கு விலை அதிகம்.
போகிறவர்களை வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்று
வான் ரீட் தட்டிப் பார்ப்பார்.
அவளுடைய இடுப்பில் இடப் பக்கம் தட்டினார்.
சாவிக்கொத்து சிணுங்கியது.
"போ" என்றார்.
உறைபனியில் மரச்செருப்பு நொறுங்கும் சத்தம்
பாலம் வரை கேட்டது.

பிறகு என்னைத் தட்டினார்.
கைகளை விரிக்கச் சொன்னார்.
இரண்டிலும் மை.